டூத்பால்

மனைவி: முட்டியில தட்டிக்கிட்டே சொல்லுங்க. டூத்... பிரஷ். ரெண்டு தட்டு.

கிரேன்காரர்: டூத். பிரஷ். போதுமா? அங்க ஒருத்தர் நம்மளையே பாக்கறாரு.

மனைவி: பாக்கட்டும். அவரும் காது பாக்கத்தான் வந்திருக்காரு. நாம பேசறது அவருக்குக் கேக்காது. அடுத்தது?

கிரேன்காரர்: ரெயின்கோட்டு.

மனைவி: ஒரே மூச்சில விழுங்கக்கூடாது. போன மாசம் உங்ககூட வேலை பாக்கற வெல்டர் இதே பரிசோதனைக்கு வந்தாரே, அவர் என்ன சொன்னாரு? காது பாக்கற பொண்ணு ரெண்டு பாதியையும் ஒரே அழுத்தத்துல சொல்லுமாம். ரெயின். கோட். நீங்களும் அதே மாதிரி திருப்பிச் சொல்லணும்.

கிரேன்காரர்: பத்தொன்பது வருஷமா நாப்பது மீட்டர் உயரத்துல உக்காந்து கிரேன் ஓட்டறவனை, முட்டியில தாளம் போட வச்சுட்டியே.

மனைவி: காது நல்லா கேக்குதுன்னு சர்ட்டிஃபிகேட் வேணுமா, வேண்டாமா?

கிரேன்காரர்: வேணும்.

மனைவி: அப்போ தாளம் போடுங்க. ரெயின்கோட்டுக்கு அப்புறம்?

கிரேன்காரர்: மவுஸ்டிராப். எலிப்பொறி. நமக்குக் கல்யாணம் பண்ணி வச்சாங்களே, அந்த மாதிரி.

மனைவி: இதுல எலி யாரு?

கிரேன்காரர்: சொன்னா பொறி கோச்சுக்கும்.

மனைவி: ம்... அடுத்தது?

கிரேன்காரர்: பிளே... பிளே...

மனைவி: கிரவுண்ட்.

கிரேன்காரர்: பிளேகிர... வுண்ட்.

மனைவி: அங்க உடைக்கக்கூடாது! பிளே, கிரவுண்ட். விளையாட்டு ஒரு பக்கம், தரை ஒரு பக்கம். நடுவுல கத்தி வச்சா அர்த்தம் செத்துடும்.

கிரேன்காரர்: பெரிய வாத்தியாரு!

மனைவி: அச்சகத்துல பதினோரு வருஷமா டைப் அடிக்கிறேன். வரி முடியற இடத்துல ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எங்க வெட்டணும், எங்க வெட்டக்கூடாதுன்னு தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவேன். ஒரு தடவை எங்க ஆள் ஒருத்தர் வக்கீல் நோட்டீஸ்ல தப்பா வெட்டிட்டாரு. மேன்-ஸ்லாட்டர்னு வரணும். மேன்ஸ்-லாஃப்டர்னு வெட்டிட்டாரு. எழுத்து ஒண்ணுகூட மாறல. கோடு மட்டும் ஒரு எழுத்து தள்ளிப் போச்சு. கொலை கேஸு, ஆம்பளைங்க சிரிப்பு கேஸ் ஆயிடுச்சு.

கிரேன்காரர்: ஹஹ்ஹா... கோர்ட்டுல எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே.

மனைவி: செத்தவரோட வீட்டுக்காரங்க சிரிக்கல. மேன்ஸ்லாட்டர்னா தெரியுமில்ல? வேணும்னு பண்றது இல்ல. கவனமில்லாம ஆளைக் கொன்னுடறது.

கிரேன்காரர்: ...அதை எதுக்கு இப்ப சொல்ற?

மனைவி: வார்த்தைக்குத்தான் சொன்னேன். ஏன், உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

கிரேன்காரர்: ஒண்ணும் போகல. அடுத்த வார்த்தையைச் சொல்லு.

டெக்னீஷியன்: கிரேன் ஆபரேட்டர் யாருங்க? உள்ள வரலாம்.

மனைவி: என்னங்க...

கிரேன்காரர்: ஹெட்லைட். அதுக்கப்புறம் ஃபுட்பால். இரு, நானே சொல்றேன்.

டெக்னீஷியன்: கிரேன் ஆபரேட்டர்! ரெண்டாவது தடவை கூப்பிடறேன்!

மனைவி: உங்களைத்தாங்க! எழுந்திருங்க!

கிரேன்காரர்: கேட்டுச்சு, கேட்டுச்சு. யோசனையில இருந்தேன். வணக்கம் டாக்டரம்மா.

டெக்னீஷியன்: டாக்டர் இல்ல சார், டெக்னீஷியன். டாக்டர் கையெழுத்து போடுவாரு, காதை நான்தான் பாப்பேன். இந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள நீங்க மட்டும் போய் உக்காருங்க. அம்மா, நீங்க வெளிய என் பக்கத்துல உக்காருங்க.

மனைவி: நானும் அவர்கூடவே உள்ள...

டெக்னீஷியன்: வேண்டாம். போன வாரம் ஒருத்தரோட சம்சாரம் கூடவே இருந்தாங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் தொடையில கிள்ளினாங்க. காது பாஸ், தொடை ஃபெயில்.

கிரேன்காரர்: சுவரெல்லாம் மெத்தை ஒட்டி வச்சிருக்கீங்க. கோபம் வந்தா முட்டிக்கறதுக்கா?

டெக்னீஷியன்: வெளிச்சத்தம் வராம இருக்கறதுக்கு. ஹெட்ஃபோனை மாட்டுங்க. சிவப்பு வலது காது. நான் மைக்கை அமுக்கினாத்தான் என் குரல் உங்களுக்கு வரும். நீங்க பேசறது எப்பவும் இங்க ஸ்பீக்கர்ல வந்துக்கிட்டே இருக்கும். புரியுதா?

கிரேன்காரர்: புரியுது. அட்டையை எடுத்து வாயை ஏன் மூடிக்கறீங்க? பல்வலியா?

டெக்னீஷியன்: நீங்க உதட்டைப் படிக்கக் கூடாதில்ல. நான் ஒரு வார்த்தை சொல்லுவேன். அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. எல்லாம் ரெண்டு அசை.

கிரேன்காரர்: யாரோட தசை?

டெக்னீஷியன்: அசை சார். ஒரு தட்டு தட்டற நேரத்துல வாயிலேர்ந்து வர்ற துண்டு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு துண்டு. ரெண்டுக்கும் ஒரே பலம். சாதாரணமா பேசும்போது இங்கிலீஷ்காரங்க முதல் பாதியை அழுத்திட்டு ரெண்டாவதை லேசா விட்டுடுவாங்க. நான் ரெண்டையும் சரிசமமா சொல்லுவேன். அப்பதான் காது எந்தப் பாதியை விடுதுன்னு தெரியும்.

கிரேன்காரர்: தமிழ்ல சொன்னா ஆகாதா?

டெக்னீஷியன்: தமிழ்ப் பட்டியலும் இருக்கு. ஆனா உங்க கம்பெனி இங்கிலீஷ்தான் வேணும்னு எழுதி அனுப்பியிருக்கு. கீழேர்ந்து வாக்கி டாக்கில உத்தரவெல்லாம் இங்கிலீஷ்லதானே வருது உங்களுக்கு?

கிரேன்காரர்: ...ஆமா.

டெக்னீஷியன்: ஆரம்பிக்கலாமா? முதல் வார்த்தை. ஏர்பிளேன்.

கிரேன்காரர்: டூத்பிரஷ்!

டெக்னீஷியன்: ...சார்?

கிரேன்காரர்: டூத். பிரஷ். ரெண்டு துண்டு.

டெக்னீஷியன்: சரி... ரெண்டாவது. டூத்பிரஷ்.

கிரேன்காரர்: ரெயின்கோட்!

டெக்னீஷியன்: ரெயின்கோட்.

கிரேன்காரர்: மவுஸ்டிராப்!

டெக்னீஷியன்: மவுஸ்டிராப்.

கிரேன்காரர்: பிளேகிரவுண்ட்! எப்படி? வேகமாப் போறேனா? நீங்க மெதுவா வாங்க, எனக்கு அவசரமில்ல.

டெக்னீஷியன்: சார்... நான் மனசுல நினைக்கறதுகூட உங்களுக்குக் கேக்குதா?

கிரேன்காரர்: ஏன்?

டெக்னீஷியன்: ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் சொல்லாத வார்த்தையைச் சொல்றீங்க. பட்டியல்ல அடுத்ததா இருக்கிறதை. எனக்கு ஒரு வார்த்தை முன்னாடி ஓடிக்கிட்டிருக்கீங்க. இந்தப் பட்டியலை யார் குடுத்தது?

கிரேன்காரர்: என்ன சொன்னீங்க? சரியா கேக்கல.

டெக்னீஷியன்: இது மட்டும் கேக்கலையா?

கிரேன்காரர்: மெஷின்ல ஏதோ கரகரங்குது.

டெக்னீஷியன்: கொஞ்சம் இருங்க, மைக்கை விட்டுடறேன்... அம்மா, இப்ப நாம பேசறது அவருக்குக் கேக்காது. பயப்படாதீங்க. பட்டியலைப் பாடம் பண்ணிட்டு வந்த முதல் ஆள் இவர் இல்ல. ஆனா இவ்வளவு அழகா தப்பு பண்ண ஆளை நான் பாத்ததே இல்ல.

மனைவி: ரெண்டு வாரமா உருப்போட்டோம் மேடம். சாப்பிடும்போது, ஷேவ் பண்ணும்போது... எங்க போச்சோ தெரியல.

டெக்னீஷியன்: வீட்டுல எப்படி? நிஜத்தைச் சொல்லுங்க.

மனைவி: சாப்பிடக் கூப்பிட லைட்டைப் போட்டு அணைப்பேன். மூணு தடவை அணைச்சா சாப்பாடு, அஞ்சு தடவை அணைச்சா சண்டை. போன வருஷம் அவங்க சித்தப்பா தவறிட்டாரு. போன்ல தகவல் வந்துச்சு. நான் பதறிப் போய், சித்தப்பா செத்துட்டாருங்கன்னு சொன்னேன். இவருக்கு அந்த 'ட்டாரு' மட்டும்தான் விழுந்திருக்கு. 'வந்துட்டாரா? உக்காரச் சொல்லி டீ குடு'ங்கறாரு.

டெக்னீஷியன்: அய்யய்யோ.

மனைவி: நான் அழறேன். 'அதுக்கு ஏன் அழற, டீத்தூள் இல்லையா'ன்னு கேக்கறாரு.

கிரேன்காரர்: அங்க என்ன சிரிப்பு? என்னைப் பத்தித்தானே? கண்ணாடி வழியா எல்லாம் தெரியுது!

டெக்னீஷியன்: மைக்கை அமுக்கிட்டேன். ஒண்ணும் இல்ல சார். பட்டியலைக் கலைச்சுப் போட்டுக் கேக்கப் போறேன். நிதானமா காதுல விழறதை மட்டும் சொல்லுங்க. ஹெட்லைட்.

கிரேன்காரர்: மிட்நைட்.

டெக்னீஷியன்: சன்செட்.

கிரேன்காரர்: டென்... ஹெட்டு? பத்து தலையா?

டெக்னீஷியன்: மஷ்ரூம்.

கிரேன்காரர்: பாத்ரூம். அது வெளிய இடது பக்கம் இருக்கு, வரும்போதே பாத்தேன்.

டெக்னீஷியன்: அம்மா, நீங்க சிரிச்சா நானும் சிரிச்சுடுவேன். சார், அது மஷ்ரூம். காளான்.

கிரேன்காரர்: அதுல எங்கேர்ந்து ரூம் வந்துச்சு? மஷ்ஷுக்குத் தனியா ரூம் போட்டுக் குடுத்திருக்காங்களா?

டெக்னீஷியன்: பாக்கறதுக்கு ரெண்டு வார்த்தை ஒட்டின மாதிரி இருக்கும். ஆனா ஒட்டு இல்ல. உடைச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணும் கிடைக்காது. எங்க பட்டியல்ல அது ஒரு போலி.

மனைவி: எங்க வீட்டுல கப்போர்டுன்னு ஒண்ணு இருக்கு மேடம். எழுதும்போது கப்பும் இருக்கு, போர்டும் இருக்கு. சொல்லும்போது கப்பர்டு. ரெண்டாவது ஆளுக்கு அழுத்தமே கிடையாது, முழுங்கிடுவாங்க. அச்சடிக்கும்போதெல்லாம் என் கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வரும்.

கிரேன்காரர்: என்னம்மா, அவ என்ன சொல்றா?

டெக்னீஷியன்: உங்களைப் புகழறாங்க. இப்ப சத்தத்தை ஏத்தறேன். ஹெட்லைட்.

கிரேன்காரர்: ஹெட்லைட்!

டெக்னீஷியன்: ஃபுட்பால்.

கிரேன்காரர்: ஃபுட்பால்! பிரமாதமா கேக்குது. இதை முதல்லயே பண்ணியிருக்கலாமில்ல? சத்தமா சொன்னா யாருக்குத்தான் கேக்காது? எழுதுங்க பாஸுன்னு.

டெக்னீஷியன்: இருங்க. இன்னும் நாலே நாலு வார்த்தை. அதே சத்தம். டூத்பால்.

கிரேன்காரர்: ஃபுட்பால். இப்பத்தானே சொன்னேன்.

டெக்னீஷியன்: டூத்பால்.

கிரேன்காரர்: ஃபுட்பால், ஃபுட்பால்! எத்தனை தடவை உதைக்கறது?

டெக்னீஷியன்: ரெயின்பிரஷ்.

கிரேன்காரர்: பெயிண்ட்பிரஷ்.

டெக்னீஷியன்: ஐஸ்லைட்.

கிரேன்காரர்: ஹைலைட்.

டெக்னீஷியன்: மவுஸ்கோட்.

கிரேன்காரர்: ஹவுஸ்போட். என்ன, எல்லாம் சரிதானே? ஒரு இடத்துலகூட யோசிக்கலையே நான்.

டெக்னீஷியன்: ஒண்ணுகூட சரியில்ல சார்.

கிரேன்காரர்: என்னம்மா விளையாடறீங்களா?

டெக்னீஷியன்: நான் சொன்னது டூத்பால். ரெயின்பிரஷ். ஐஸ்லைட். மவுஸ்கோட்.

கிரேன்காரர்: மவுஸ்கோட்டா? எலிக்கு எதுக்குக் கோட்டு? டூத்பால்னு உலகத்துல ஒண்ணு உண்டா? பல்லால பந்து விளையாடுவாங்களா?

டெக்னீஷியன்: கிடையாது. அதனாலதான் சொன்னேன். இருக்கிற வார்த்தைங்களை உடைச்சு, தலையை மாத்தி வால் ஒட்டினேன். இருக்கிற வார்த்தைன்னா பாதி காதுல விழுந்தா போதும், மீதிப் பாதியை மூளை ஒட்டிக் குடுத்துடும். நீங்களும் முழுசா கேட்ட மாதிரி நினைச்சுக்குவீங்க. இல்லாத வார்த்தைக்கு மூளையால ஒட்டுப்போட முடியாது. காது என்ன வாங்குதோ அதுதான். உங்க காது 'ஊ', 'ஏ', 'ஐ' மாதிரி கனமான சத்தத்தையெல்லாம் வாங்குது. ஸ், ஃப், த், ட் மாதிரி மெல்லிசான சத்தம் வாசல்லயே நின்னுடுது. அந்த இடத்தையெல்லாம் ஊகத்துல நிரப்பிக்கறீங்க. ரொம்ப வருஷமா நிரப்பிக்கிட்டிருக்கீங்க.

கிரேன்காரர்: இந்த ஸ்ஸு... அது வார்த்தையோட முதல்ல இருந்தாலும் விழாதா?

டெக்னீஷியன்: முதல்ல இருந்தா ரொம்பவே கஷ்டம். ஏன்?

கிரேன்காரர்: நான் இங்க பேசினா அவளுக்குக் கேக்கும், இல்ல?

டெக்னீஷியன்: கேக்கும். ஸ்பீக்கர்ல வருது. வேணும்னா அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளிய உக்காரச் சொல்லட்டுமா?

மனைவி: நான் வேணா போறேன் மேடம்.

கிரேன்காரர்: வேண்டாம். எழுந்திருக்காதே. உக்காரு. எத்தனை நாளைக்குத்தான் நெஞ்சுல கல்லை வச்சுக்கிட்டுச் சோறு திங்கறது... ஸ்லோ டவுன். லோட் டவுன். இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்மா?

டெக்னீஷியன்: ரெண்டும் ரெண்டு அசை. டவுன் ரெண்டுக்கும் பொது. லோட்டோட கடைசி எழுத்து பின்னாடி வர்ற டவுன்லயே கரைஞ்சுடும். மிச்சம் இருக்கிற வித்தியாசம்... முன்னாடி ஒரே ஒரு ஸ்.

கிரேன்காரர்: ஒரே ஒரு ஸ்ஸு.

டெக்னீஷியன்: என்ன நடந்துச்சு?

கிரேன்காரர்: எங்க யார்டுல லோட் டவுன்னா சரக்கை இறக்கு. ஸ்லோ டவுன்னா மெதுவாக்கு, கீழ ஆள் இருக்கு. மூணு வாரம் முன்னாடி... காலையில... நாலு டன் இரும்புத் தகடு, கட்டு கட்டா, கொக்கியில தொங்குது. கீழ கொடி காட்டறவன் வாக்கி டாக்கில ஸ்லோ டவுன்னு கத்தியிருக்கான். என் காதுல லோட் டவுன்னு விழுந்துச்சு. சத்தியமா அப்படித்தாம்மா விழுந்துச்சு. தெளிவா விழுந்துச்சு. சந்தேகமே வரல எனக்கு. லீவரைத் தள்ளிட்டேன்.

டெக்னீஷியன்: ...யாருக்காவது?

கிரேன்காரர்: தள்ளுவண்டி ஒண்ணு தகடாயிடுச்சு. அவன் பின்னாடி சாய்ஞ்சு விழுந்துட்டான். ஒரு ஷூ மட்டும் அடியில மாட்டிக்கிச்சு. காலை உருவிக்கிட்டான். நான் மேலேர்ந்து பாக்கறேன்... ஒரு கால்ல ஷூவோட ஒரு ஆள் நிக்கறான். எந்தக் கால்னு எண்ணிப் பாக்கறேன். ஒண்ணு, ரெண்டு. ரெண்டும் இருக்கு. மறுபடியும் எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு. கீழ இறங்க எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. ஏணியில பாதியில நின்னு மறுபடியும் எண்ணினேன்.

டெக்னீஷியன்: கம்பெனிக்குச் சொன்னீங்களா?

கிரேன்காரர்: கயிறு வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டோம். அவனே சொன்னான். என்னைக் காட்டிக் குடுக்கல. ஏன்னா... ஏன்னா அவன்... ஏய், உன்கிட்டத்தான் சொல்றேன். கொடி காட்டறவன் யாருன்னு உனக்குத் தெரியும். உன் தம்பிதான். உன் தம்பி மேலதான் நான் இறக்கப் பாத்தேன். அவகிட்ட மைக்கைக் குடுங்க. ஏதாவது சொல்லச் சொல்லுங்க. திட்டச் சொல்லுங்க.

டெக்னீஷியன்: அம்மா, இந்தாங்க, அமுக்கிக்கிட்டுப் பேசுங்க.

மனைவி: அப்புறம்?

கிரேன்காரர்: அப்புறமா? என்னடி அப்புறம்? கதையா கேக்கற?

மனைவி: அப்புறம் மறுநாளும் மேல ஏறினீங்களா?

கிரேன்காரர்: ...ஏறினேன். காதுன்னு ஒத்துக்கிட்டா கீழ இறக்கிடுவாங்க. கிரேனை விட்டா எனக்கு என்ன தெரியும்? மேல இருக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டியில நான் ராஜா. கீழ வந்தா... காது கேக்காத ஒரு ஆளு. ரிட்டயர் ஆக ஆறு வருஷம்தான் பாக்கி. இந்தத் தாளை மட்டும் வாங்கிட்டா, ரெண்டு கண்ணையும் காதா வச்சுக்கிட்டு ஓட்டிடலாம்னு நினைச்சேன். தப்புதான். உன் தம்பி அதுக்கப்புறமும் என்னை மாமா மாமான்னுதான் கூப்பிடறான். அந்த மாமா மட்டும் எனக்கு நல்லா கேக்குது பாரு. பாழாப்போன அந்த வார்த்தையில ஒரு ஸ்ஸுகூட இல்ல.

மனைவி: வெளிய வாங்க. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு.

டெக்னீஷியன்: கதவைத் திறக்கறேன். சார், இப்படி வந்து இந்த நாற்காலியில உக்காருங்க. இதை மாட்டிப் பாக்கறீங்களா? சோதனைக்குன்னு வச்சிருக்கிற காது மெஷின்தான்.

கிரேன்காரர்: வேண்டாம்மா. காதுல மெஷினை மாட்டிக்கிட்டுப் போனா யார்டுல என்னை ரேடியோன்னு கூப்பிடுவானுங்க.

மனைவி: இப்ப மட்டும் என்ன கூப்பிடறாங்கன்னு நினைக்கறீங்க?

கிரேன்காரர்: என்ன கூப்பிடறாங்க?

மனைவி: உங்களுக்குத்தான் கேக்கலையே, விடுங்க.

டெக்னீஷியன்: தலையை ஆட்டாதீங்க... கொஞ்சம் கூசும்... ஆங். இப்ப ஆன் பண்றேன்.

கிரேன்காரர்: என்ன அது சரசரன்னு? எலியா?

டெக்னீஷியன்: நான் பேப்பரைப் புரட்டறேன்.

கிரேன்காரர்: பேப்பருக்கு இவ்வளவு சத்தமா? இது? இது என்ன கரக்கரக்குன்னு?

மனைவி: நீங்கதான். தாடையைச் சொறிஞ்சுக்கறீங்க.

கிரேன்காரர்: ஏய்... இன்னொரு தடவை பேசு.

மனைவி: என்ன பேசறது?

கிரேன்காரர்: உன் குரலு இப்படியா இருக்கு? ஓரத்துல ஏதோ மணி கட்டின மாதிரி... நான் என்னவோ நீ பீப்பாய்க்குள்ளேர்ந்து பேசறவன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

மனைவி: கழுத்தறுப்பு.

கிரேன்காரர்: என்ன சொன்ன?

மனைவி: நான் ஒண்ணும் சொல்லலையே.

கிரேன்காரர்: கழுத்தறுப்புன்னு சொன்ன! வாய்க்குள்ள முணுமுணுத்த! டெக்னீஷியனம்மா, நீங்களும் கேட்டீங்கல்ல? எத்தனை வருஷமா இதைச் சொல்லிக்கிட்டிருக்க?

மனைவி: மேடம், இந்த மெஷினுக்கு இதை மட்டும் குறைக்கற பட்டன் ஏதாவது இருக்கா?

டெக்னீஷியன்: இருக்காது. சார், இப்ப அட்டையால வாயை மூடிக்கிட்டுச் சொல்றேன். சத்தத்தைக் குறைச்சுத்தான் சொல்லுவேன். டூத்பால்.

கிரேன்காரர்: டூத்... பால். சீ, என்ன கண்றாவி வார்த்தைம்மா இது!

டெக்னீஷியன்: மவுஸ்கோட்.

கிரேன்காரர்: மவுஸ்கோட். எலிக்குக் கோட்டு. தச்சாச்சு.

டெக்னீஷியன்: சன்செட்.

கிரேன்காரர்: சன்செட். ரெண்டு ஸ்ஸு இருக்கே அதுல! ஒவ்வொரு துண்டுக்கும் ஒண்ணு! இத்தனை நாள் எங்க இருந்துச்சு இது?

டெக்னீஷியன்: அங்கேயேதான் இருந்துச்சு. இப்ப கடைசி. லோட் டவுன்.

கிரேன்காரர்: ...லோட் டவுன்.

டெக்னீஷியன்: ஸ்லோ டவுன்.

கிரேன்காரர்: ஸ்லோ. ஸ்லோ டவுன். முன்னாடி வருதும்மா. பாம்பு சீறற மாதிரி மெல்லிசா வருது. இவ்வளவுதானா? இந்த ஊதின காத்துக்கா நான் ஒரு உசுரை...

மனைவி: சரி, விடுங்க. துடைச்சுக்கோங்க. ரெண்டு காலும் இருக்கு அவனுக்கு. நேத்துகூட வந்து நம்ம வீட்டு நாற்காலி மேல காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தான்.

டெக்னீஷியன்: நான் எழுதப் போறதை இப்பவே சொல்லிடறேன். மெஷின் இல்லாம கிரேன் ஓட்டக்கூடாது. மெஷினோட சொல் பரிசோதனையில தேறிட்டாரு. ரெண்டு மாசம் கீழ வேலை, காது பழகட்டும். அதுக்கப்புறம் இங்க வாங்க, யார்டு சத்தத்தோட வச்சு மறுபடியும் பாக்கலாம். அதுலயும் தேறினா மேல போகலாம்னு டாக்டருக்குப் பரிந்துரை பண்றேன். தேறாட்டி போகக்கூடாது. இதுல நான் ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்.

கிரேன்காரர்: மாத்தாதீங்கம்மா. நடந்ததையும் எழுதுங்க. கயிறு வழுக்கல, காதுதான்னு. நாளைக்கு மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். என் வாய்க்குப் பதிலா உன் தம்பி வாய் எத்தனை நாளைக்குப் பொய் சொல்லும்?

மனைவி: சொன்னதுக்கு அவங்க என்ன செய்வாங்களோ...

கிரேன்காரர்: செய்யறதைச் செய்யட்டும். ரெண்டு மாசம் உன் தம்பிகூட நின்னு கொடி காட்டறேன். அவன் என்னை ரேடியோன்னு கூப்பிட்டாலும் சரி.

டெக்னீஷியன்: இந்தாங்க, மெஷினுக்கு அளவெடுக்க எதிர் ரூமுக்குப் போகணும். சீட்டு எழுதித் தரேன்.

கிரேன்காரர்: ஆனா ஒண்ணு. அந்த வெல்டரை மட்டும் நான் விடமாட்டேன்.

டெக்னீஷியன்: யாரு வெல்டர்?

கிரேன்காரர்: பட்டியலைக் குடுத்த மகராசன். நம்பிக் கேட்டா, வரிசையை மாத்தி எழுதிக் குடுத்து என் மானத்தைக் கப்பலேத்திட்டான். ஏர்பிளேனுக்கு டூத்பிரஷ்னு கத்தினேனே, அவன் எங்கயோ உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான். நாளைக்கு அவன் வாயிலயே ஒரு வெல்டிங் வைக்கறேன்.

டெக்னீஷியன்: அந்தப் பேப்பர் இருக்கா? காட்டுங்க... இருபதும் சரியாத்தான் இருக்கு. ஒவ்வொரு வார்த்தையையும் சரியான இடத்துல உடைச்சுக் கோடுகூடப் போட்டிருக்கு. அடடே, முதல்ல இருக்க வேண்டிய ஏர்பிளேன் மட்டும் கடைசியில போய் உக்காந்திருக்கு. அதனால மத்தது எல்லாம் ஒரு இடம் மேல ஏறிடுச்சு. வேற ஒரு தப்பும் இல்ல.

கிரேன்காரர்: பாத்தியா! கவனக்குறைவு! இவனையெல்லாம் இரும்புகிட்ட விடலாமா?

மனைவி: அவரை ஒண்ணும் சொல்லாதீங்க.

கிரேன்காரர்: ஏன் சொல்லக்கூடாது? அவன் உனக்கு மாமனா, மச்சானா?

மனைவி: அவர் கிறுக்கிக் குடுத்த தாள்ல ஏர்பிளேன் முதல்லதான் இருந்துச்சு.

கிரேன்காரர்: அப்போ அதை அழகா நகல் எடுத்துக் குடுத்தது... நீதானே... ஏய். என்னைப் பாரு. பதினோரு வருஷமா டைப் அடிக்கிறவளுக்கு வரிசை தப்புமா?

மனைவி: தப்பல. அன்னிக்குச் சாயங்காலமே தம்பி ஒரு கால்ல மட்டும் ஷூவோட நேரா என்கிட்டதான் வந்து நின்னான். நாலே நாள்ல நீங்க இந்தப் பட்டியலைக் கொண்டாந்து நீட்டினீங்க. கிழிச்சுப் போட்டா வேற யார்கிட்டயாவது வாங்கிடுவீங்க... அதான், ஏர்பிளேனை மட்டும் தூக்கிக் கடைசியில வச்சேன்.